குணமானோம் என்கிற வினைமுற்று

ஜனவரி 22, ஞாயிறு

கன்வென்ஷன் பந்தலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் வீடு வந்தேன். காது இன்னும் கொய்ங் என்கிறது. ஜோயல் அருள்மணி மைக்கைக் கரும்பு கடிக்கிற மாதிரி வாயில் வைத்துக்கொண்டு கத்தினான். "பக்கத்துல இருக்கவங்களைப் பாத்துச் சொல்லுங்க! நான் குணமாயிட்டேன்!" என் பக்கத்தில் இருந்தவள் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு அம்மாள். என் முகத்துக்கு நேரே தும்மிவிட்டு, குணமாயிட்டேன் என்றாள். சீ என்றாகிவிட்டது.

இந்த ஜோயல் பதினான்கு வருஷம் முன்னால் இறையியல் கல்லூரியில் என்னிடம் எபிரெயம் படித்தவன். படித்தவன் என்பதே அதிகம். மூன்று தரம் பரீட்சை எழுதி முப்பத்தொன்று வாங்கினான். இன்றைக்கு வெள்ளைக் கோட்டும் மினுக்குகிற ஷூவும் போட்டுக்கொண்டு சுகமளிக்கும் ஊழியம் செய்கிறான். ஊர் ஜனம் அவன் காலடி மண்ணை எடுக்காத குறை. முடவர் நடக்கிறார்கள், குருடர் பார்க்கிறார்கள் என்று மேடையில் வரிசை வரிசையாகச் சாட்சி. கண்ணாடியைக் கழற்றிக் கூட்டத்தில் வீசிய ஒரு கிழவர் கூட்டம் முடிந்ததும் அதைத் தேடித் தவழ்ந்துகொண்டிருந்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நடுவில் என் பெயரையும் இழுத்தான். "தமிழ் வேதத்துல 'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்'னு நிகழ்காலமாப் போட்டிருக்கு. எபிரெயத்துல அது முடிஞ்சுபோன காலம். குணமானோம்! இதை நான் சொல்லலை. என் குரு டாக்டர் பியூலா அம்மா சபை இதழ்ல எழுதியிருக்காங்க. இதோ, முன்வரிசையில!" ஜனம் கைதட்டியது. எரிச்சலான எரிச்சல். மரியாதைக்காக எழுந்து நின்று இரண்டு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். நல்லவேளை, மாம்பழக் கலர் பட்டுச்சேலை கட்டியிருந்தேன்.

தங்கச்சி ஹெப்சியும் வந்திருந்தாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வெயில் களைப்பாக இருக்கும்.

ஜனவரி 23, திங்கள்

சாளை மீன் வாங்கினேன். அரைக்கிலோவில் நாலு கெட்டுப்போனது. மீன்காரியிடம் சண்டை.

விடைத்தாள் திருத்தினேன். "விசுவாசம் என்பதற்கான எபிரெயச் சொல்லை விளக்குக" என்று கேட்டிருந்தேன். முக்கால்வாசிப் பேர் "சந்தேகப்படாமல் நம்புதல்" என்று எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னேனே! அந்தச் சொல் வேதத்தில் முதல் முதலாக வருகிற இடத்தில் நம்பிக்கைப் பேச்சே கிடையாது. யுத்தத்தின்போது ஒரு முதியவர் மலைமேல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கை கடுக்கிறது. இரண்டு பேர் அவரைக் கல்லில் உட்காரவைத்து ஆளுக்கொரு கையைத் தாங்குகிறார்கள். சாயங்காலம்வரை கை அசையாமல் இருந்தது. அந்த "அசையாமல்"தான் சொல். யூதர்களுக்கு விசுவாசம் என்றால் அசையாத கை. நமக்கு ஓயாத வாய். ஒருத்தன் "விசுவாசம் என்றால் மருந்தில்லா மருத்துவம்" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தான். கன்வென்ஷனுக்குப் போய்வந்தவன் போலிருக்கிறது. பூஜ்யம்.

பிப்ரவரி 27, 28 இரண்டு நாளும் கல்லூரிக்கு விருந்தினர் வருகிறார்களாம். நான்தான் வரவேற்க வேண்டுமாம். வேறு ஆளே இல்லை.

ஜனவரி 27, வெள்ளி

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை. ஹெப்சி பாட்டுப் பாடிக்கொண்டே பக்கத்து வீட்டில் குடம் குடமாக எடுத்துவந்தாள். தூக்காதட்டி என்றால் கேட்பதில்லை. என்னோடு இருக்கிற இந்தப் பதினோரு வருஷத்தில் இவ்வளவு உற்சாகமாக அவளை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 3, வெள்ளி

இன்று ஹெப்சிக்கு மாத ரத்தப் பரிசோதனை. வரமாட்டேன் என்றுவிட்டாள். "அடுத்த மாசம் பாத்துக்கிடலாம் அக்கா. போன மாசம் நல்லாத்தானே இருந்திச்சி."

இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அவள் நெஞ்சில் இருப்பது உலோக வால்வு. அறையில் சத்தம் இல்லாவிட்டால் டிக் டிக்கென்று எனக்கே கேட்கும். வைத்துப் பதினோரு வருஷமாகிறது. அவள் வீட்டுக்காரர் இறந்த கையோடு ஆபரேஷன். அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். அந்த உலோகத்தில் ரத்தம் உறைந்து ஒட்டாமல் இருக்க தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. ஒருநாள்கூட விடக் கூடாது. உறைந்த கட்டி மூளைக்குப் போனால் போச்சு. இதை டாக்டர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஹெப்சி மணி அடித்த மாதிரி சாப்பிடுவாள், அதில் குறை சொல்ல முடியாது.

சபை மாத இதழின் ஆசிரியர் போன் செய்தார். நான் எழுதிய அந்த இறந்தகாலக் கட்டுரையை ஜனங்கள் ஜெராக்ஸ் எடுத்துப் பரப்புகிறார்களாம்; மறுபிரசுரம் செய்யலாமா என்றார். இந்தத் தொல்லைக்கெல்லாம் எனக்கு நேரமில்லை என்றேன். பிறகு சரி என்றேன். புதுப் படம் ஒன்று அனுப்பவேண்டுமாம்.

பிப்ரவரி 9, வியாழன்

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்க நூல் தேடித் தையல் மெஷின் டிராயரைத் திறந்தேன். உள்ளே மாத்திரை. பிரிக்காத பட்டைகள். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு நாள் மாத்திரை.

ஹெப்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பட்டையைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டேன்.

"என்னட்டி இது?"

"மாத்திரை."

"கண்ணு தெரியுது எனக்கு. ஏன் தின்னலை?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "நான் குணமாயிட்டேன் அக்கா. குணமாவேன்னு சொல்லலை. ஆயிட்டேன். கன்வென்ஷன் அன்னைக்கே."

கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. கூறுகெட்ட மூதேவி என்றது நினைவிருக்கிறது. தட்டை எத்திவிட்டதும் நினைவிருக்கிறது. அவள் சிதறிய கீரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அழவில்லை, சிரித்த முகமாகவே இருந்தாள். பந்தலில் எல்லா முகத்திலும் அதே சிரிப்புதான் இருந்தது.

ஜோயல், உன்னைச் சும்மா விடமாட்டேன்.

பிப்ரவரி 11, சனி

ஜோயல் வீட்டுக்குப் போனேன். வீடா அது! வாசலிலேயே கண்ணாடி அலமாரி. அதில் ஜெப எண்ணெய்க் குப்பிகள், ஒவ்வொன்றிலும் இவன் மூஞ்சி. தலைவலிக்குச் சின்னது, புற்றுநோய்க்குப் பெரியது. கடவுளைக் குப்பியில் அடைத்து மூடியும் போட்டுவிட்டான்.

காலைத் தொட்டுக் கும்பிட வந்தான். விலகிக்கொண்டேன். வேலைக்காரப் பெண் பாதாம் பால் கொண்டுவந்தாள், தொடவில்லை.

"என் தங்கச்சி உன் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திட்டா. அவ செத்தா நீதான் காரணம்" என்றேன்.

அவன் பதறவே இல்லை. "ஐயோ மேடம், மாத்திரையை நிறுத்துங்கன்னு நான் எந்த மேடையிலயும் சொன்னதில்லையே. அதை மட்டும் சொல்லாதீங்கன்னு எங்க வக்கீல் சொல்லியிருக்காரு. 'உங்க விசுவாசத்தின்படி செய்யுங்க'ன்னுதான் சொல்லுவேன். வீடியோ இருக்கு, பாக்கிறீங்களா?"

வக்கீலைக் கேட்டு விசுவாசம் போதிக்கிறவனை இன்றுதான் பார்த்தேன். துப்பலாம் போல வந்தது. தரை பளிங்கு, துப்பினால் அந்த வேலைக்காரப் பெண்தான் துடைக்க வேண்டும்.

பிறகு அவன் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தான். லாமினேட் செய்திருந்தான். சபை இதழில் வந்த என் கட்டுரை. "இதை வச்சுத்தான் மேடம் நான் பிரசங்கமே பண்ணுதேன். கடைசி வரியை ஜனங்க மனப்பாடமாச் சொல்லுவாங்க." வாசித்தும் காட்டினான், தேன் ஒழுக: "முடிந்துபோன நோய்க்கு யாரும் மருந்து தேடுவதில்லை."

கட்டுரை என்றால் முடிவில் ஓசைக்காக ஒரு வரி வந்து விழுவதுதான். எல்லாருக்கும் விழும். அதை இப்படியா எடுத்துக்கொள்வார்கள்?

ஆட்டோக்காரன் இருபது ரூபாய் கூடக் கேட்டான். பேசாமல் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

கோயிலில் ஜெபக் குறிப்பு வாசித்தார்கள். இன்னாருக்கு விசா, இன்னாருக்கு வரன், இன்னாருக்கு மூட்டுவலி. ரேஷன் கடை வரிசைதான். ஆண்டவர் உள்ளே உட்கார்ந்து கார்டைப் பார்த்துப் பார்த்து அளந்துபோட வேண்டும். மண்ணெண்ணெய் இல்லை, போ என்றால் விசுவாசம் போதவில்லை என்று பாதிரி ஐயர் விளக்கம் சொல்லிவிடுவார். யூதர்களுக்கும் கேட்கிற ஜெபம் உண்டு; ஆனால் அது தினமும் அதே வார்த்தை, அதே வரிசை. சுகம் கேட்கும்போதும் "எங்களை" என்றுதான் கேட்பார்கள். ஓய்வுநாளில் அந்தப் பட்டியலையும் விட்டுவிடுவார்கள், அன்றைக்காவது அவரைத் தொந்தரவு செய்யாமல்.

மத்தியானம் ஹெப்சியை உட்காரவைத்துப் பேசினேன். ஆசிரியையாகப் பேசினேன், அதட்டவில்லை. பழைய ஏற்பாட்டுச் சட்டத்தில் ஒருவன் இன்னொருவனை அடித்துக் காயப்படுத்தினால் அவனைக் குணமாக்க வேண்டும் என்று வருகிறது. அங்கே எபிரெயத்தில் வினை இரட்டித்து வரும்: குணமாக்கிக் குணமாக்கட்டும். ஏன் இரட்டிக்க வேண்டும்? வைத்தியனுக்கு வைத்தியம் பார்க்கக் கடவுளே அனுமதி கொடுத்திருக்கிறார், அதற்காகத்தான் என்று யூத குருமாரான ரபீமார் சொன்னார்கள். மருந்தை வேண்டாம் என்கிறவள் அந்த அனுமதியை மறுக்கிறாள். நல்ல வாதம். வகுப்பில் என்றால் பேனாவை எடுத்திருப்பார்கள்.

ஹெப்சி கேட்டுக்கொண்டாள். "அது வேற வசனம் அக்கா. நீ எழுதினது இந்த வசனத்தைப் பத்தி."

"அந்த ஜோயல் பய சொன்னதை நம்பி உசிரை விடப் போறியா?"

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "ஜோயலா? முப்பத்தொரு மார்க் வாங்கினவன்னு நீதானே சொன்னே? அவன் சொல்லி நான் கேப்பனா? பந்தல்ல அவன் பேசினப்ப எனக்கும் சிரிப்புத்தான் வந்திச்சி. நீ எழுந்து கும்பிட்டியே, அப்பத்தான் நம்பினேன். எங்க அக்கா தப்பா எழுத மாட்டா. தப்புன்னா அந்த எடத்துலயே சொல்லியிருப்பா."

வெளியே வந்து கொடியில் துணி எடுத்தேன். காயவே இல்லை. எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

டாக்டரிடம் நான் மட்டும் போனேன். இருபத்துமூன்று நாள் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. ஒவ்வொரு நாளும் கத்தி மேல நடக்கிறதுதான். கைகால் மரத்துப்போனா, வாய் கோணினா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது." பிறகு, "நீங்க படிச்சவங்கதானே மேடம், வீட்டுல யாரும் எடுத்துச் சொல்லலையா?" என்றார்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இதில் நான் எந்த ஆள் என்று டாக்டர் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, புதன்

மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்தேன். இன்றைக்குப் பார்த்து அவளுக்கு ரசம் வேண்டாமாம். எல்லாவற்றையும் வாய்க்காலில் கொட்டினேன். களவாணி வேலையும் எனக்கு வரவில்லை.

பிப்ரவரி 16, வியாழன்

காலையில் ஹெப்சி கையிலிருந்து காப்பி டம்ளர் விழுந்தது. இடது கை. விரலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கையை வச்சுப் படுத்துட்டேன் போல" என்றாள். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வாட்டி என்று கையைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன். கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள்.

ஸிம்ஹா அம்மாவுக்குப் போன் போட்டேன். எருசலேமில் ஆராய்ச்சிக்காக இருந்த இரண்டு வருஷமும் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். கொச்சியில் பிறந்த யூதப் பெண்மணி. ஒன்பது வயதில் கப்பல் ஏறியவர். இன்றும் மலையாளம் மறக்கவில்லை. என் தமிழும் அவர் மலையாளமும் எப்படியோ ஒத்துப்போகும். அப்போது ஒருநாள் அவரிடம், உங்களுக்கு விசுவாசம் உண்டா அம்மா என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றியாச்சா என்று கேள், பதில் சொல்லலாம். இது என்ன கேள்வி?" என்று விரட்டிவிட்டார்.

எல்லாம் சொன்னேன். கட்டுரை விஷயமும் சொன்னேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், இதில் என்ன ஒளிவு.

"அந்தச் சொல் இறந்தகாலம்தானா மோளே?"

"ஆமாம்மா. அதுல சந்தேகமே இல்லை. அது தப்புன்னு நான் சொன்னாத்தான் அவ மாத்திரையைத் தொடுவா. ஆனா அது தப்பு இல்லையே. இருபத்தெட்டு வருஷமா அதைத்தான் படிப்பிச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "ஒரு உயிர் போகும் என்றால் ஓய்வுநாளை உடைக்கலாம். உடைக்கலாம் இல்லை, உடைக்கணும். உடைக்காதவன்தான் பாவி. கடவுளோட ஓய்வுநாளையே உடைக்கலாம் என்றால், எடீ, உன்னோட ஒரு வினைச்சொல்லை உடைக்கக் கூடாதா? அது அவ்வளவு பெரிய ஆளா?"

பிப்ரவரி 17, வெள்ளி

உடைத்தேன்.

காலையில் அவள் இட்லிக்கு மாவு ஊற்றும்போது அடுப்படியில் போய் நின்றேன். முந்தின இரவெல்லாம் ஒத்திகை பார்த்தும் வாய் வரவில்லை. அகராதியைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், சாட்சிக்கு.

"ஹெப்சி, நான் தப்பா எழுதிட்டேன். அது இறந்தகாலம் இல்லை. மறுபடி பாத்தேன். வருங்காலம். குணமாவோம்னுதான் வரணும்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"பக்கம் இருநூத்திப் பன்னிரண்டு" என்றாள்.

"என்னது?"

"உன் ஆராய்ச்சிப் புஸ்தகம். நான்தானே டைப் அடிச்சேன், மூணு தரம். அந்தச் சொல்லுக்கே நாலு பக்கம் எழுதியிருந்தே. வருங்காலமா இருக்க முடியாதுன்னு ஒம்பது காரணம். ஒம்பதும் எனக்குத் தெரியும். சொல்லட்டா?"

இதை எப்படி மறந்தேன்? முன்னுரையில் பேராசிரியர்களுக்கெல்லாம் நன்றி எழுதினேன். இவள் பெயர் அதில் இல்லை.

"நீ பொய் சொல்லுதே" என்றாள்.

"ஆமா."

"எனக்காகவா?"

"வேற யாருக்காக? எருமை மாடே."

"அப்பா பொழச்சுக்கிடுவாரான்னு நான் ஆஸ்பத்திரியில அழுதுக்கிட்டுக் கேட்டேன். மாட்டாருன்னு மூஞ்சிக்கு நேர சொன்னவ நீ. என் கல்யாணத்தன்னைக்கு, இந்தச் சேலை உனக்கு நல்லா இல்லைன்னு சொன்னவ." அவள் உதடு துடித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "நீயே எபிரெயத்துல பொய் சொல்லுற அளவுக்கு வந்துட்டேன்னா, நான் நெசமாவே சாகத்தான் போறேன் போல இருக்கே அக்கா."

"ஆமாட்டி. செத்துருவே. பயமா இருக்கு எனக்கு."

அதைச் சொன்னதும் மாவு வாளி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் தூக்கிவிட வந்தாள். இடது கை பிடி கொடுக்கவில்லை. இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

"சரி, மாத்திரையை எடு" என்றாள். "வேண்டாம், ஆட்டோவைக் கூப்பிடு."

பிப்ரவரி 18, சனி

வால்வில் கட்டி இருக்கிறது. கட்டியைக் கரைக்க ஊசி போகிறது. மூளைக்கும் சின்னதாக ஒன்று போயிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டுக்காக வராந்தாவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

யூதர்களுக்கு வீண் ஜெபம் என்று ஒன்று உண்டு. வழியில் வருகிறவன் ஊருக்குள் அழுகைச் சத்தம் கேட்கிறான். அது என் வீடாக இருக்கக் கூடாதே என்று ஜெபித்தால் அது வீண் ஜெபம். சத்தம் வந்தாயிற்று, எந்த வீடோ அந்த வீடுதான். நடந்து முடிந்ததை மாற்றச் சொல்லிக் கேட்கக் கூடாது. வருஷா வருஷம் இதை வகுப்பில் சொல்லுவேன். எவ்வளவு நேர்மையான மதம் பாருங்கள் என்பேன்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. படத்தில் இருப்பது இருப்பதுதான். ஒன்றரை மணி நேரமும் ஆண்டவரே இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பந்தலில் தும்மிய அந்த அம்மாளைவிட அசிங்கமாக, மூக்கு ஒழுக. பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

இருந்தது. சின்னது. இடது கையில் இரண்டு விரல் இனி முழுசாக மடங்காது என்கிறார் டாக்டர். உயிருக்கு ஆபத்து இப்போதைக்கு இல்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

கட்டி கரைந்துவருகிறது. வால்வு மறுபடி டிக் டிக்கென்கிறது. நர்ஸ் கடிகாரம் என்று நினைத்துச் சுவரைப் பார்த்தாள்.

ஜோயல் வந்தான், கூடவே போனில் படம் எடுக்க ஒருத்தன். "இருபத்தாறு நாள் மாத்திரையே இல்லாம உயிரோட வச்சிருக்காரு பாத்தீங்களா மேடம்! எப்பேர்ப்பட்ட சாட்சி! அம்மா ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றான். ஹெப்சிதான் வலது கையால் அந்தப் போனை வாங்கி, போர்வைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "தம்பி, நெஞ்சு டாக்டர் அடுத்த ரவுண்டு வருவாக. அவுகள்ட்ட உன் விசுவாசத்தைச் சொல்லிட்டு போனை வாங்கிக்கோ." டாக்டர் வரும்வரை அவன் நிற்கவில்லை. போனை வாங்குவதற்கு, தன்னோடு வந்தவனைப் பிறகு அனுப்பினான்.

மார்ச் 6, திங்கள்

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். கல்லூரி விருந்தினர் வந்ததும் போனதும் தெரியாது. வேறு ஆள் வரவேற்றுவிட்டார்கள், ஒன்றும் குடிமுழுகிப்போகவில்லை.

இதழ் ஆசிரியர் மறுபிரசுரம் அச்சுக்குப் போகிறது என்றார். நிறுத்துங்கள், ஒரு திருத்தம் தருகிறேன் என்றேன். ஊருக்குள் இன்னும் எத்தனை டிராயரில் எத்தனை பட்டை கிடக்கிறதோ. இலக்கணம் சரி, அதை ஊரறியப் பொய்யாக்க மாட்டேன். ஒருத்தியைக் காப்பாற்ற ஒரு தரம் உடைத்தது போதும். திருத்த வேண்டியது கடைசி வரி.

ஹெப்சி நான்தான் டைப் அடிப்பேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒற்றைக் கையால். நான் பின்னால் நின்று சொன்னேன்: "மேற்படிக் கட்டுரையின் இறுதி வரியில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது."

அவள் கை நின்றது. "எழுவாய் எங்கே?"

"தவறுதான் எழுவாய். தவறு நேர்ந்தது. சரியான வாக்கியம்."

"அது தானா வந்து நேர்ந்திச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. "சரி, 'தவறு செய்தோம்'னு போடு. பாவ அறிக்கை பன்மையிலதான் வரணும். யூதர்களும் பன்மையிலதான் சொல்லுவாங்க. நம்ம ஜெபப் புஸ்தகத்துலயும் அப்படித்தான்."

"எத்தனை பேரு சேந்து எழுதினீக அக்கா?"

மூதேவி. நெஞ்சில் உலோகத்தை வைத்துக்கொண்டு என்ன வாய் பேசுகிறாள்.

"நான்" என்றேன்.

"சத்தமாச் சொல்லு. மெஷின் சத்தத்துல கேக்கலை."

மெஷின் சத்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. "நான் தவறு செய்தேன்" என்றேன். என்ன தவறு என்றாள். "கைதட்டு வாங்குறதுக்காக ஒரு வரி எழுதினேன். அதை ஒருத்தன் மேடையில சொன்னப்ப, எழுந்து கும்பிட்டேன்." மெள்ளச் சொல்லு, ஒரு கைதானே என்றாள். மறுபடி சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கடைசியில் வாசித்துக் காட்டுகிறேன், சரியா என்று பார் என்றாள். வேண்டாம், நானே சொல்லுகிறேன் என்று மூன்றாம் தரமும் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் அக்கா, அடிச்சாச்சி" என்றாள்.